முதல் விலைக்கே கொடுத்த கனவு

என் வீட்டு முதலாளியம்மாவுக்கு,

கடை ஷட்டர் தலையில் இடித்ததிலிருந்து கண்ணை மூடினால் கனவுதான். எல்லாம் நேரில் நடப்பதுபோலவே இருக்கிறது. நேற்று ஒருவருக்கு லாபமே வைக்காமல் முதல் விலைக்கே துணி கொடுத்தேன். அதை வைத்துத்தான் கனவென்று கண்டுபிடித்தேன்.

காலையில் நீ, "படுங்கன்னா கடைக்கு ஓடுறீங்க, நான் அக்கா வீட்டுக்கே போயிடறேன்" என்றாய். நானும் பேரம் பேசாமல் "சரி, போ" என்றேன். அதுவும் கனவென்றே நினைத்தேன். ஆனால் உன் பெட்டி கதவருகே நிற்கிறது. அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. எல்லாம் மரத்துக் கிடக்கிறது.

டாக்டர் சொன்னபடி ஜன்னலை மூடிவிட்டுப் படுக்கிறேன். எனக்குப் பதிலாகக் கடையைப் பார்த்துவிட்டு நீ வந்ததும் சாப்பிடு, சோற்றை அடுப்பில் மூடி வைத்திருக்கிறேன்.

பி.கு.: கிளம்புவதாக இருந்தால் எழுப்பு. அந்த "சரி" என் கடைசி விலை இல்லை.