தறி ஓடும் வீட்டுக்கு ஒரு மைக்

14, திங்கள். அமாவாசை

காலையிலிருந்தே புழுக்கம். பட்டுக்கடை பில்லிங் வேலைக்கு லீவு. வயிற்றுவலி என்று பொய். பரவாயில்லை.

ரிஸ்வானின் கம்ப்யூட்டர் கடையிலிருந்து யூ.எஸ்.பி. மைக் வந்தாயிற்று. கண்டென்சர். அடியில் கலர் கலராக விளக்கு வேறு. பிடித்தால் வைத்துக்கொள், இல்லாவிட்டால் திருப்பிக் கொடு என்றான். பன்னிரண்டாவது வரை ஒரே வகுப்பு, அதனால் இந்தச் சலுகை.

லேப்டாப்பில் செருகிப் பேசினேன். பதிவைப் போட்டுக் கேட்டேன். ஐயோ, என் குரலா இது! மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது. மூன்று தடவை கேட்டாயிற்று. அசிங்கமாக இல்லை. நன்றாகவே இருக்கிறது, போ.

இரண்டு வருஷமாக மைக்கை அணைத்து வைத்துத்தான் கேம் ஆடுகிறேன். பெண் குரல் என்று தெரிந்தால் போதும், ஆரம்பித்துவிடுவான்கள். "ஆன்ட்டி, சாப்டாச்சா?" இதுதான் இருப்பதிலேயே மரியாதையானது. மற்றதை இங்கேகூட எழுத மாட்டேன். அவன்களில் பாதிப் பேரைவிட நன்றாகச் சுடுவேன், வாயை மட்டும் மூடிக்கொண்டு. இனிமேல் முடியாது.

சென்னையில் ஆன்லைன் கேம் போட்டி நடத்துகிறவருக்கு (இனி செ.) பதிவை அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் பதில்: வாய்ஸ் சூப்பர் மேடம், ஞாயிறு நாலு மணி ஃபைனலுக்குத் தமிழ் கமெண்ட்ரி நீங்க ட்ரை பண்ணுங்க. லைவ்.

லைவ்! நன்றாக வந்தால் இந்த சீசன் முழுக்க நானாம். ரிஸ்வானுக்கு உடனே போன். மைக் எனக்குத்தான்.

அம்மா செய்த வடை நான்கு தின்றேன்.

15, செவ்வாய்

மானம் போயிற்று.

சாயங்காலம் ஆறு மணிக்கு செ.யோடு ஒரு ஒத்திகை. இரண்டு நிமிஷம் பேசியிருப்பேன்.

"மேடம், ஒரு நிமிஷம். பக்கத்துல யாராவது கட்டை ஒடைக்கிறாங்களா?"

"இல்லையே சார்."

"டக்கு டக்குனு கேக்குதே."

"எனக்கு ஒண்ணும் கேக்கல சார்."

சத்தியமாகக் கேட்கவில்லை. அப்புறம் பதிவைப் போட்டுப் பார்த்தால், தறி! பக்கத்து அறையில் அண்ணன் தறி. சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுத் தறி. பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம், என் காது அதைச் சத்தமாகவே எடுத்துக்கொள்வதில்லை.

நேற்று அமாவாசை. எங்கள் பிள்ளையார்பாளையத்தில் தறிக்கெல்லாம் லீவு. மாதத்தில் அந்த ஒரு நாள்தான் எங்கள் தெரு வாயை மூடும். அன்றைக்குப் பார்த்து மைக் டெஸ்ட் பண்ணியிருக்கிறேன், அறிவாளி.

செ. சொன்னது: "ஞாயித்துக்கிழமை ஒரு தடவை அந்தச் சத்தம் வந்தாலும் மாத்திடுவோம் மேடம். இங்க நம்ம பையன் ஒருத்தன் ரெடியா இருக்கான். தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ரிஸ்வான் போனில் விழுந்து விழுந்து சிரித்தான். "கண்டென்சர்னா தெருக்கோடியில எவன் தும்மினாலும் புடிச்சிக்கும்பா. அமாவாசையில டெஸ்ட் பண்ணியா? நீயெல்லாம் நெசவுக்காரங்க வூட்டுப் பொண்ணு!"

வைடா போனை என்றேன்.

16, புதன்

மழை வருகிற மாதிரி இருந்து ஏமாற்றிவிட்டது.

அம்மா: "அண்ணன்கிட்ட ஒரு வார்த்த சொல்லு கண்ணு. ரெண்டு மணி நேரம் நிறுத்தமாட்டானா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே வந்து நின்றார்.

"ஞாயித்துக்கெழம தறிய நிறுத்துன்னு வராத. முகூர்த்தப் பொடவ. திங்கக்கெழம தறியிலேர்ந்து அறுத்துக் குடுக்கணும்."

"நான் கேக்கவே இல்லியே."

"ஆம்பளப் பசங்க ஆடுற ஆட்டத்துல நீ கத்திக்கினு இருப்ப, அத ஊரே கேக்கும். நல்லாவா இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குது. நீ கேட்டுப் பாத்தியா?"

"எனக்கு இன்னா தலையெழுத்து!"

போய்விட்டார். கோபத்தில் இரண்டு கவளம் சோறு கூடுதலாகத் தின்றேன்.

வழிகள்:

கூரத்தில் சித்தி வீடு. நல்ல அமைதி. நெட் கிடையாது.

பட்டுக்கடை மாடி. வயிற்றுவலி எப்படி இருக்கிறது என்பார் முதலாளி.

சத்தத்தை அழிக்கிற சாஃப்ட்வேர். போட்டுப் பார்த்தேன். தறியோடு சேர்த்து என் பேச்சில் பாதியையும் தின்றுவிடுகிறது.

அண்ணன் காலில் விழுவது. செத்தாலும் இல்லை.

நான் ஏன் எங்கேயாவது ஓட வேண்டும்? என் வீடு, என் அறை. தறி ஓட ஓடப் பேசுவேன். அதற்கு எந்த மைக் என்று மட்டும் பார்த்தால் போதும்.

18, வெள்ளி

மைக்கை மாற்றியாயிற்று. இது டைனமிக். கறுப்பு, கனம், விளக்கெல்லாம் கிடையாது. பார்த்தால் பழைய கட்சி மீட்டிங் மைக்.

"இது செவுட்டு மைக்குப்பா," என்றான் ரிஸ்வான். "வாய்கிட்ட வச்சிப் பேசினாத்தான் காதுல வாங்கும். பின்பக்கம் இன்னா நடந்தாலும் அதுக்குக் கவல இல்ல."

இந்தத் தடவை தறி ஓடும்போதுதான் டெஸ்ட். மைக்கின் முதுகு அண்ணன் அறைப் பக்கம். வாய்க்கும் மைக்குக்கும் நாலு விரல். பளபளப்பு இல்லை, ஆனால் குரல் கெட்டியாக வருகிறது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

இருந்தும் அடியில் ஒரு தொம் தொம். தறி அடிக்க அடிக்கத் தரை அதிர்கிறது, தரையிலிருந்து மேசை, மேசையிலிருந்து ஸ்டாண்டு. பழைய ரப்பர் செருப்பை வெட்டி ஸ்டாண்டுக்கு அடியில் வைத்தேன். அம்மா பார்த்துவிட்டார்.

"அடிப்பாவி! மேசை மேல செருப்பா? வூட்ல லட்சுமி தங்குவாளா?"

கழுவிட்டேம்மா, கழுவிட்டேன்.

சுவரில் இரண்டு போர்வை. எம்பிராய்டரி வளையத்தில் பழைய துப்பட்டாவை இழுத்துக் கட்டி வாய்க்கு முன்னால். "ப", "ப்ப" சொன்னால் இப்போது காற்று அடிக்கவில்லை.

என் காதை நம்ப முடியாது. பதிவை ரிஸ்வானுக்கு அனுப்பினேன், அவன் தெருவில் தறி இல்லை. பதில்: "ஒண்ணும் கேக்கல. போய் கலக்கு."

20, ஞாயிறு

தலைக்குக் குளித்தேன். யார் பார்க்கப் போகிறார்கள்? தெரியவில்லை, குளித்தேன்.

நாலு மணி. ஹெட்போனை இரண்டு தடவை கழற்றி மாட்டினேன். பக்கத்து அறையில் அண்ணன் வேண்டுமென்றே ஓங்கி அடிக்கிற மாதிரி இருந்தது. அடிக்கட்டும்.

என் பெயர் கயல்விழி, காஞ்சிபுரம் என்று ஆரம்பித்தேன். சாட்டில் வழக்கமான கச்சேரி. ஒருவன், "அக்கா போய் தோசை சுடுங்க." அதைச் சத்தமாகப் படித்தேன். "சுட்டாச்சு தம்பி, மாவு காலி. அங்க உன் டீம்ல ரெண்டு பேரு காலி, அதைக் கவனி." அப்புறம் அவனைக் காணோம். இன்னும் நாலு பேர் வந்தான்கள். நாலு பேருக்கும் கொடுத்தேன். பயம் எங்கேயோ போய்விட்டது. எவ்வளவு நாளாக உள்ளேயே வைத்திருந்தேன் இதையெல்லாம்!

அரை மணியில் செ. மெசேஜ்: சத்தம் இல்ல மேடம், கன்டினியூ.

கடைசி வட்டம். இரண்டே பேர் மிச்சம். ஒருவன் பாறைக்குப் பின்னால், ஒருவன் புல்லில். என்ன கத்துகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஏதோ சரியில்லை. ஹெட்போனுக்குள் கேட்காது, பாதத்தில் தெரிந்தது. தரை அதிரவில்லை. நூல் அறுந்தால் தறி நிற்கும், உடனே மறுபடி ஓடும். இது நின்றே கிடந்தது. போன மாதம் இப்படித்தான், போய்ப் பார்த்தால் அண்ணன் சர்க்கரை இறங்கித் தறியிலேயே சாய்ந்திருந்தார்.

லைவ் என்பதே மறந்துவிட்டது.

"அண்ணா! தறி ஏன் நின்னுப்போச்சு?"

போச்சு. அத்தனை பாடுபட்டு மறைத்ததை நானே ஊருக்குச் சொல்லிவிட்டேன். சாட் முழுக்க: தறியா? எந்தத் தறி? எங்களுக்கு ஒண்ணும் கேக்கலையே.

ஹெட்போனை இறக்கிவிட்டுத் திரும்பினேன். அறை வாசலில் அண்ணன். நன்றாகத்தான் நின்றுகொண்டிருந்தார்.

"நீ பேசுறது ஒண்ணும் காதுல வுழல," என்றார். "அதான் நிறுத்திட்டேன். உம், சொல்லு."