முதல் அழைப்புக்கு வந்த ஒரே ஆள்

ஜூன் 9, செவ்வாய்

பம்பலோனி இன்று காலை முற்றத்தில் நின்று அத்தி மரத்தை நாடாவால் சுற்றிச் சுற்றி அளந்துகொண்டிருந்தார். மூன்றாம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன, மரத்துக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?" என்றேன்.

"கார் நிறுத்த, வாத்தியாரே! இது போனா மூணு வண்டி தாராளமா நிக்கும். செப்டம்பர் கூட்டத்துல ஓட்டுக்கு விடறேன்."

அவர் எங்கள் கட்டிடத்தின் நிர்வாகி. எங்களுக்கு மட்டுமா, ஆர்னோ ஆற்றுக்கு இந்தப் பக்கம் பாதித் தெரு அவர் கையில். ஆனால் ஒரு கட்டிடத்திலும் குடியில்லை. ஃப்ளாரன்சுக்கு வெளியே, மலைச் சரிவில் தோட்டம் வைத்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு எங்களை ஆள்கிறார்.

வயிறு எரிகிறது. இரண்டாம் மாடி ஓரெத்தா என்னிடம் வாய் திறந்து பேசுவதே அத்தி பூத்தாற்போல. "காலை வணக்கம்", "குப்பை வண்டி வந்துச்சா?" — தீர்ந்தது. அத்தி பழுக்கும் நாட்களில் மட்டும் நான் ஏணியில் நிற்பேன், அவள் கீழே கூடையோடு நிற்பாள். அப்போதுதான் பேச்சு. போன வருஷம் அப்படித்தான், செத்துப்போன தன் கணவனின் குறட்டையைப் பற்றி ஒரு முழுக்கதை சொன்னாள். சிரித்துச் சிரித்து ஏணியிலிருந்து விழப்போனேன். மரம் போனால் அதுவும் போச்சு. ஐம்பத்தாறு வயதில் நான் வேறு எந்த மரத்தில் போய் ஏறுவது?

ஜூன் 12

பள்ளி முடிந்தது. பிள்ளைகளுக்குத் தத்துவம் சொல்லிக் களைத்த வாய்க்கு ஓய்வு. என் ஆராய்ச்சிக்குத் திரும்பிவிட்டேன்.

நம் ஊர் அரசாங்கத்தின் பழைய செயலர் ஐந்நூறு வருஷத்துக்கு முன் எழுதிய அந்தச் சின்னப் புத்தகம். ஆளுகிறவன் நாற்காலியைப் பிடிப்பது எப்படி, பிடித்ததை விடாமலிருப்பது எப்படி. உலகமே அதை நரித்தனம் என்று திட்டுகிறது. நான் கேட்பது ஒன்றுதான். அந்த மனுஷரின் வேலையைப் பறித்தார்கள், சிறையில் தள்ளினார்கள், கைகளைப் பின்னால் கட்டிக் கயிற்றில் தொங்கவிட்டார்கள். அவரோ அப்படிச் செய்த அதே ஆளும் குடும்பத்துக்குப் புத்தகத்தைக் காணிக்கையாக்குகிறார். அடித்தவனுக்கு எவனாவது நல்ல யோசனை சொல்வானா? அது உபதேசமே இல்லை, அல்வா! ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு குழி, மேலே தழை பரப்பியிருக்கிறது. சொன்னபடி நடக்கிறவன் விழுந்து தொலையவேண்டும் என்றுதான் எழுதினார்.

நாலாம் மாடி நெல்லோவிடம் சொன்னேன். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவன், இப்போது பேண்டில் டிராம்போன் ஊதுகிறான். "இதையா பதினோரு வருஷமா எழுதுற? எங்க அத்தை மருமகளுக்குச் சமையல் குறிப்பு குடுப்பா, உப்ப மட்டும் ரெண்டு மடங்கா. ரெண்டும் ஒண்ணுதானேடா!"

ஆனாலும் செப்டம்பரில் மக்கள் மன்றத்தில் நான் பேச ஏற்பாடு செய்திருக்கிறான். தொம்போலா என்கிற நம்பர் ஆட்டம் தொடங்குவதற்கு முந்தைய அரை மணி நேரம். "நம்பர் கூப்பிடற வரைக்கும் சனம் சும்மாதானே உக்காந்திருக்கும்" என்கிறான். அறிவுக்கு இந்த ஊரில் இவ்வளவுதான் மரியாதை.

ஜூன் 23

வெற்றி! வெற்றி!

முனைக் கடையில் நின்றபடி காபி குடித்துக்கொண்டிருந்தேன். பம்பலோனி பக்கத்தில் வந்து நின்றார். "வாத்தியாரே, நீங்க ஏதோ புத்தகம் ஆராய்றீங்களாமே. உங்க கட்டிடத்துச் சனங்க எனக்கு அடங்கவே மாட்டேங்குது. அதுல ஏதாவது வழி சொல்லியிருக்கா?"

தானாக வந்து விழுகிறதே! முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொன்னேன்: "இருக்கு. புதுசா பிடிச்ச சீமையை அடக்கணும்னா, ஆள்றவன் அங்கேயே போய்க் குடியிருக்கணும். கீழ்த்தளம் காலியாத்தான் கிடக்கு."

புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. என் கொள்கைப்படி அது முதல்தரமான குழி. எங்கள் கட்டிடத்தில் குடியிருந்து பார்க்கட்டும்! நெல்லோவின் டிராம்போன், அடைத்துக்கொண்ட சாக்கடை, முதல் மாடியின் இரட்டைப் பிள்ளைகள். ஒரே மாதம். நிர்வாகத்தையும் வேண்டாம், காரையும் வேண்டாம் என்று மலைக்கு ஓடிவிடுவார். பதினோரு வருஷ ஆராய்ச்சிக்கு உயிருள்ள சான்று.

ஜூலை 4

வந்துவிட்டார். இரண்டு பெட்டி, ஒரு மின்விசிறி, ஒரு கிளிக்கூண்டு. கிளி இல்லை.

ஜூலை 11

நெல்லோவைக் கெஞ்சி, மத்தியானத் தூக்க நேரத்தில் ஜன்னலைத் திறந்துவைத்து ஊதச் சொன்னேன். ஊதினான். சாவு ஊர்வலத்துக்கு ஊதுகிற மெட்டு. கீழிருந்து கைதட்டல் கேட்டது. பம்பலோனி!

ஜூலை 20

நெல்லோவும் பம்பலோனியும் மரத்தடியில் சீட்டாடுகிறார்கள். கேட்டால் துரோகி நெல்லோ சொல்கிறான்: "நல்ல மனுஷன்டா. தோத்தா சிரிக்கிறான்." பம்பலோனி இப்போது வெறும் பனியனோடு திரிகிறார். ஆட்சியாளர் லட்சணமா இது?

ஆகஸ்ட் 15

ஊரே கடற்கரைக்குப் போய்விட்டது. ஓரெத்தாவும் தங்கை வீட்டுக்குக் கடலோரம் போய்விட்டாள். போகிறபோது போன வருஷத்து அத்தி ஜாம் ஒரு குப்பி, யாருக்குக் கொடுத்தாள்? பம்பலோனிக்கு! "தனியா சாப்பிடறாரு பாவம்" என்றாளாம். நான் என்ன விருந்தோடயா சாப்பிடறேன்? அந்தப் பழத்தை ஏணியில ஏறிப் பறிச்சது யாரு, பம்பலோனியோட தாத்தாவா?

அத்திப் பழத்தைப் பிட்டால் அத்தனையும் புழு என்று சும்மாவா சொன்னார்கள். என் கொள்கையும் பிட்டுப் பார்த்தால் அப்படித்தான் இருக்குமோ? இல்லை. குழி இன்னும் வேலை செய்யத் தொடங்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 31

பம்பலோனி ஓடப்போவதில்லை. இன்று ஜன்னலுக்குத் திரை தைக்கக் கொடுத்திருக்கிறார். கூட்டமோ அடுத்த வாரம். எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்: யோசி, தூச்சோ, யோசி!

யோசித்துவிட்டேன்.

கட்டிடக் கூட்டத்துக்குச் சட்டப்படி இரண்டு அழைப்பு உண்டு. முதல் அழைப்பு செல்லுபடியாக வேண்டுமானால் வீட்டுக்காரர்களில் பெரும்பாலோர் வரவேண்டும். வராவிட்டால் மறுநாள் இரண்டாம் அழைப்பு, அதற்குக் கொஞ்சம் பேர் போதும். அதனால் நாடு முழுக்க எல்லா நிர்வாகிகளும் முதல் அழைப்பை எவனும் வரமுடியாத நேரத்தில் வைப்பார்கள். எங்களுக்கு விடியற்காலை ஆறு மணி. ஒருத்தரும் போவதில்லை. என் அப்பா போனதில்லை, அவருடைய அப்பாவும் போனதில்லை.

இரண்டாம் அழைப்பு வெள்ளி மாலை. கட்டிடத்தில் கார் வைத்திருக்கும் மூன்று வீட்டுக்காரர்களும் தவறாமல் வருவார்கள். மரம் வேண்டும் என்பவர்களோ வெள்ளி என்றாலே கடலுக்கு ஓடுவார்கள். ஆகவே — முதல் அழைப்புக்கே நாங்கள் எல்லோரும் போய் நின்றுவிட்டால்? கார்க்காரர்கள் குறட்டை விடும்போதே மரம் பிழைத்துவிடும்!

செயலர் இருந்திருந்தால் என் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பார்.

செப்டம்பர் 8

வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டேன். எல்லோரும் சத்தியம் செய்தார்கள். நெல்லோ நெஞ்சில் கைவைத்து, "ரயில் ஓட்டினவன்டா நான், நாலு மணிக்கே முழிப்பேன்" என்றான். கடலிலிருந்து திரும்பிவிட்ட ஓரெத்தா கண்களை அகல விரித்து, "ஆறு மணிக்கா? என்ன துணிச்சல் உங்களுக்கு!" என்றாள்.

துணிச்சலாம்! எனக்கு!

செப்டம்பர் 10, வியாழன்

ஐந்தரைக்கே முற்றத்தில் நின்றேன். சவரம் செய்து, கழுத்துப்பட்டை கட்டி.

ஆறு மணி. யாருமில்லை. மேலேயிருந்து நெல்லோவின் குறட்டை மட்டும் இறங்கி வந்தது.

ஆறேகாலுக்குக் கீழ்த்தளக் கதவு திறந்தது. பம்பலோனி, பைஜாமாவோடு. என்னைப் பார்த்ததும் பேயைக் கண்டவர்போல் நின்றுவிட்டார்.

"வாத்தியாரே... நீங்க எதுக்கு வந்தீங்க?"

"முதல் அழைப்பு" என்றேன்.

"அய்யோ! முப்பது வருஷமா 'யாரும் வரவில்லை'ன்னு படுக்கையில இருந்தபடியே எழுதிட்டிருக்கேன். இப்ப ஒருத்தர் வந்துட்டீங்களே, நான் என்னன்னு எழுதுவேன்?" நிஜமாகவே கலங்கிப்போனார். பிறகு உள்ளே கூப்பிட்டுக் காபி போட்டுக் கொடுத்தார். ஜாமும் வைத்தார். சாப்பிட்டேன். வெட்கமில்லாமல் சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

மாலையில் படியில் ஓரெத்தாவைப் பிடித்தேன். "ஏங்க வரலை?"

"நிஜமாவே வரச் சொன்னீங்களா? முதல் அழைப்புன்னீங்களே, அது சும்மா ஒரு பேச்சுக்குன்னுல்ல நினைச்சேன்!"

எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். முதல் அழைப்புக்கு வருகிறேன் என்று சத்தியம் செய்வதும் ஒரு சடங்காம். ஆயிரம் வருஷமானாலும் இந்தச் சனங்களைத் திருத்த முடியாது. நாளை மரம் போகும். என்னால் தாங்க முடியவில்லை.

செப்டம்பர் 11, வெள்ளி

எப்படி எழுதுவேன் இதை.

பங்குக் கோயில் மண்டபம். கார்க்காரர்கள் மூவரும் முன்வரிசையில். எங்கள் பக்கம் நான், நெல்லோ, ஓரெத்தா. தன்னையும் ஓரெத்தாவையும் வெட்கம்தான் இழுத்து வந்தது என்று நெல்லோ சொன்னான். ஆனாலும் இரண்டாம் மாடி, நாலாம் மாடி, நான் — மூன்றுக்கு மூன்று. கீழ்த்தள வீட்டின் ஓட்டுதான் மிச்சம். அந்த வீட்டை பம்பலோனி போன மாதமே விலைக்கு வாங்கிவிட்டாராம்! மரத்தின் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் எழுந்தார். தொண்டையைச் செருமினார். "மரத்தை வெட்டக் கூடாது" என்றார்.

முன்வரிசை எகிறியது. "யோவ், நீர்தானேய்யா அளந்தீர்! நீர்தானே மூணு வண்டி நிக்கும்னீர்!"

"நிக்கும். எங்க நிக்கும்? என் ஜன்னலுக்கு நேரா. புகை முழுக்க என் படுக்கையில. மத்தியானம் அந்த நிழல் இல்லேன்னா என் வீடு ரொட்டி சுடற அடுப்பு."

"அளக்கும்போது தெரியலையா?"

"அப்ப நான் இங்க குடியில்லையே" என்றார் பம்பலோனி, குழந்தைபோல.

நாலுக்கு மூன்று. மரம் பிழைத்தது! நெல்லோ என்னைக் கட்டிப் பிடித்து முத்தமிட்டான். ஓரெத்தா கைகுலுக்கினாள். கையை உடனே விடவில்லை.

அதோடு விட்டதா? பம்பலோனி உட்காராமல் நின்றார். "இன்னொண்ணு. நிர்வாகி வேலையை விடறேன். இங்க குடியிருந்துகிட்டு இந்த வேலை பார்க்க மனுஷனால முடியாது. சூப்பை வாயில வைக்கும்போது கதவைத் தட்றாங்க. குளிக்கும்போது ஜன்னல் வழியா சாக்கடையப் பத்திக் கேக்கறாங்க. வேற யாராவது பாத்துக்கங்க."

ஒவ்வொரு தலையாக என் பக்கம் திரும்பியது.

"முதல் அழைப்புக்கு வந்த கிறுக்கன் இந்த உலகத்துலயே இவன் ஒருத்தன்தான்" என்றான் நெல்லோ. "இவனை விட்டா ஆள் கிடையாது."

ஒருமனதாக. கார்க்காரர்கள்கூடக் கை தூக்கினார்கள்.

செப்டம்பர் 13, ஞாயிறு

மக்கள் மன்றத்தில் பேசினேன். செயலர் சொன்னதெல்லாம் குழி என்று தொடங்கி, உதாரணத்துக்குப் பம்பலோனி கதையையே சொன்னேன். பம்பலோனி முதல் வரிசையில் உட்கார்ந்து பெருமையாகத் தலையாட்டினார்.

கடைசியில் நெல்லோ எழுந்து கேட்டான்: "அப்ப நீ விஷம்னு நினைச்சுக் குடுத்தது மருந்தா வேலை செஞ்சுடுச்சு. அந்தச் செயலரு உண்மையிலேயே நல்ல யோசனைதான் சொல்லியிருக்காரு. சரி, குழியில விழுந்தது யாருடா?"

பதில் சொல்வதற்குள் தொம்போலா நம்பர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நல்லவேளை.

செப்டம்பர் 20

ஆள்கிறவனைக் கண்டு சனம் பயப்படுவது நல்லதா, அவனிடம் அன்பு வைப்பது நல்லதா என்று செயலர் ஒரு அத்தியாயமே எழுதியிருக்கிறார். ஆள்கிறவன் சனத்துக்குப் பயந்து நடுங்குவதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பதினோரு வருஷம் படித்தவனுக்கு இது பத்து நாளில் தெரிகிறது. இரட்டைப் பிள்ளைகளின் அம்மாவுக்கு மாடி விளக்கு எரியவில்லை. கார்க்காரர்களுக்கு வாசல் கதவு கிறீச்சிடுகிறது. ஏணியில் ஏறினால் கீழே ஓரெத்தா நிற்கவேண்டிய இடத்தில் புகார் சொல்ல வரிசை நிற்கிறது. பம்பலோனியும் அந்த வரிசையில்! "சாக்கடை என்னாச்சு, நிர்வாகி ஐயா?"

இன்று மாலை வாசல் மணி அடித்ததும் விளக்கை அணைத்துவிட்டு மூச்சுவிடாமல் உட்கார்ந்தேன்.

"நான்தான், ஓரெத்தா. பழம் கொண்டாந்திருக்கேன்."

விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்தேன். ஒரு தட்டு நிறைய அத்திப்பழம். உட்கார்ந்தாள், பேசினாள். ஏணி இல்லாமல், கூடை இல்லாமல், என் சமையலறையில் உட்கார்ந்து அவளாகவே பேசினாள். நடுவில் மறுபடி மணி. "வாத்தியாரே! நீ உள்ளதான் இருக்கேன்னு தெரியும்டா! கூரை ஒழுகுது!" — நெல்லோ.

நான் எழப் போனேன். ஓரெத்தா என் சட்டையைப் பிடித்து இழுத்து, உதட்டில் விரலை வைத்து, எட்டி விளக்கை அணைத்தாள். அவன் போகும்வரை இருட்டில் சத்தம் போடாமல் பழம் தின்றோம்.

பிறகு என் காதருகே சொன்னாள்: "எங்க வீட்டுக் குழாயும் சொட்டுது. அதை நாளைக்கு வந்து சொல்றேன்."