டியூப் போட்ட இருபது நாள்

வல்லம் வடகால்,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள உங்களுக்கு, ஐஸ்வர்யா எழுதுவது.

உங்கள் ராணுவ முகாமுக்குப் போன் லைன் கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் பாதியில் அறுந்துபோகிறது. அதனால்தான் கடிதம். முதலில் ஒன்று: இப்போது எனக்கு ஆபத்தில்லை. அன்று போனில் வெறும் வாயுத்தொல்லை என்றேனே, அது பொய். சொல்லக்கூடாது என்று தடுத்தது நான்தான். உங்க அப்பாமேல் கோபப்படாதீர்கள்.

கம்பெனியில் சரக்கைச் சோதிக்கும் லைனில் நின்றபடியே வலியில் சுருண்டுவிட்டேன். கூட வேலை செய்யும் சந்திரலேகா அக்காதான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். குடல்வால் வெடித்து, வயிற்றுக்குள் சீழ் கட்டியிருந்ததாம். முதலில் சீழை வடிக்கவேண்டும், அப்புறம்தான் ஆபரேஷன் என்றார்கள். ஸ்கேனில் பார்த்தபடியே வலது பக்கம் ஒரு மெல்லிய டியூப் இறக்கி, வெளியே பை மாட்டி, ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

உங்க அப்பா முதலில் கூச்சத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேதான் பையைக் காலி செய்தார். பிறகு தினமும் அளந்து காலண்டரில் எழுத ஆரம்பித்தார். அறுபது மில்லி, நாற்பது, பதினைந்து. ஒருநாள் ஒன்றுமே வரவில்லை. ஆறிவிட்டது என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அன்று சாயங்காலமே எனக்குக் குளிர் தூக்கிப்போட்டது.

மறுபடி ஓடினோம். அங்கிருந்த சின்ன டாக்டர், வடிவது நின்றுவிட்டதால் நாளைக்கு டியூபை உருவிவிடலாம், காய்ச்சல் சீசனால் வந்திருக்கும் என்றார். அப்பா கும்பிட்டே விட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை. இன்ஸ்பெக்‌ஷனில் மீட்டர் பூஜ்யம் காட்டினால், நாங்கள் முதலில் மீட்டரைத்தான் சோதிப்போம்.

“ஸ்கேன் எடுத்துப் பாக்காம டியூபைத் தொட விடமாட்டேன் சார்,” என்றேன்.

டாக்டரிடம் இப்படிப் பேசாதே என்று அப்பா அதட்டினார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே திரும்பச் சொன்னேன். கடைசியில் பெரிய டாக்டர் வந்து ஸ்கேனுக்கு அனுப்பினார். டியூப் இடம் நகர்ந்து, கெட்டிச் சீழ் அடைத்துக் கிடந்தது. உள்ளே இன்னும் கைமுட்டி அளவு சீழ். இரண்டு நாள் விட்டிருந்தால் ரத்தத்தில் கலந்திருக்கும் என்றார். அன்றைக்கே கொஞ்சம் பெரிய டியூபாக மாற்றினார்கள். ஒரு டம்ளர் நிறைய வடிந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது.

வெளியே வந்ததும் அப்பா சொன்னார்: “எம்புள்ள இங்க இருந்திருந்தா கூட, இன்னா கேக்கறதுன்னு தெரியாம என்னாட்டம் கும்புட்டுகினுதான் நின்னிருப்பான்.” சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

இன்றோடு இருபது நாள். நர்ஸ் காட்டிக்கொடுத்தபடி சிரிஞ்சில் உப்புத் தண்ணீர் ஏற்றி, நானே டியூபைக் கழுவுகிறேன். அடுத்த வெள்ளி ஸ்கேன். சுத்தமாக இருந்தால் உருவுவார்கள், இல்லையென்றால் இன்னும் பத்து நாள் வைத்துக்கொள்வேன். குடல்வால் ஆபரேஷன் இரண்டு மாதம் கழித்து. அதையும் முடித்துவிட்டுத்தான் மறுபடி ஷிஃப்டுக்குப் போவேன்.

லீவு கேட்டு அலையாதீர்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். என்னை நான் பார்த்துக்கொள்வேன். ஆனால் ஆபரேஷனுக்கு என்னை உள்ளே கொண்டுபோனால், வெளியே அப்பா தனியாக நிற்பார். அவருக்காகவாவது வாங்க.

உங்கள்
ஐஸ்வர்யா