டைமிங் வைத்த கை

கோபாலபுரம்,
8.6.1973

அன்புள்ள தங்கபுஷ்பத்துக்கு,

நான் சுகம். உன் இருமல் நின்றதா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

முதலாளி போன வாரம் காருக்கு ஆக்டேன் கூடின உசத்திப் பெட்ரோல் போடச் சொன்னார். போட்டும் வண்டி இழுக்கவில்லை. எஞ்சின் தானாக மாறிக்கொள்ளுமா? நான்தான் மெனக்கெட்டு, தீப்பொறி விழுகிற டைமிங்கைத் திருகி முன்னால் தள்ளி வைத்தேன். அடையாறு பாலத்தில் வண்டி பறந்தது. முதலாளிக்கு ஒரே சிரிப்பு. எனக்கும் பெருமைதான்.

அதுவே வினையாகிவிட்டது. அந்தப் பெட்ரோல் எல்லா பெட்ரோல் பங்க்கிலும் கிடைப்பதில்லை. சாதாரணப் பெட்ரோல் ஊற்றினால் எஞ்சின் டக்டக்கென்று தட்டுகிறது, உடனே டைமிங்கைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். "வேற எவனையும் கை வைக்க விடமாட்டேன். டிரைவரு, நீ இல்லாம வண்டி ஓடுமா?" என்று முதலாளி தோளில் தட்டிக்கொடுத்து, பாப்பா காதுகுத்துக்குக் கேட்ட லீவு கிடையாது என்றுவிட்டார்.

அதனால் காதுகுத்தைத் தள்ளிப்போடாதே. குறித்த நாளில் உன் அண்ணன் மடியில் உட்காரவைத்துக் குத்திவிடுங்கள். உன் பழைய சேலையில் இரண்டு துண்டு கிழித்து அனுப்பு, கை துடைக்க வேண்டும்.

முதலாளி வண்டியில் உட்கார்ந்து ஹார்ன் அடிக்கிறார். குத்தும்போது பாப்பா யாரைத் தேடினாள் என்று மட்டும் எழுது.

வெள்ளைத்துரை