கோட்டு இல்லாத படம்

அத்தைக்கு ஆம்பூர்ல இருந்து ஹெலன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுறது. கால் வீக்கம் கொறஞ்சுதா? போன்ல சொன்னா அழுதுடுவேன், அதான் எழுதுறேன்.

ஞாயித்துக்கிழமைல ஒரு டீச்சரம்மா எங்க ஷூ கம்பெனி ஹாஸ்டலுக்கு வந்து, வரைஞ்ச படம், போட்டோ எல்லாம் எப்படிப் பார்க்குறதுன்னு கத்துக் குடுக்குறாங்க. அந்தக் காலத்துல பணக்காரங்களைத்தான் அழகா வரைஞ்சாங்களாம், உழைச்சவங்களை விட்டுட்டாங்களாம். அப்புறம் வீட்டுப் படம் காட்டச் சொன்னாங்க. நான் செல்லுல உங்க பிள்ளையைக் காட்டினேன்.

"இன்னாக்கா, உன் வீட்டுக்காரர் ஆபீசரா?"ன்னு என் ரூம்ல இருக்குற பொண்ணு தபஸ்ஸும் கேட்டுட்டா. அவர் செத்தப்புறம் ஸ்டுடியோக்காரர் படத்துல ஒட்டின கோட்டு, அத்தை, அது.

நீங்க மரியாதைக்குத்தான் ஒட்டச் சொன்னீங்க, தெரியும். ஆனா அவர் தோல் பதனிட்ட டேனரியில ரப்பர் பூட்ஸோட சிரிச்சுக்கிட்டு நிக்கிற படம் பீரோவுல இருக்குது. அதையும் கோட்டுப் படத்துக்குப் பக்கத்துல மாட்டுங்க. பாப்பாவுக்கு அவங்கப்பா யாருன்னு தெரியணும்.

கம்பெனி பஸ் வந்துடுச்சு.

ஹெலன்