மாமன் பட்டியலில் இல்லை

மார்ச் 4, திங்கள். அடிலெய்ட்

கடிதம் வந்துவிட்டது. பழங்குடி ஊர்களுக்குப் பயிற்சிக்குப் போகும் நர்சிங் மாணவர்களுக்கான உதவித்தொகை எனக்கும் உண்டாம். பழங்குடிப் பெண் நான், என் அம்மாவின் ஊருக்கே போய் வேலை பழக எனக்கு உதவி! சிரிப்புதான் வருகிறது. ஆனாலும் நன்றி. நூறு முறை நன்றி.

நிபந்தனை ஒன்றுதான். ஐந்து வாரத்தையும் இடைவெளி இல்லாமல் முடிக்க வேண்டும். முடித்து, மேற்பார்வை நர்ஸ் தினமும் கையெழுத்திட்ட வேலைநேரத் தாளைக் கொடுத்தால்தான் பணம்.

முதியோர் இல்லத்தில் கிரெக்கிடம் லீவு கேட்டேன். "போய்ட்டு வா மேக்ஸின். ஆனா உன் ஷிப்ட் உனக்காகக் காத்துக்கிட்டிருக்கும்னு மட்டும் நெனைக்காதே" என்றான். பன்னிரண்டு வருடமாக அங்கே தரை துடைக்கிறேன். போகட்டும். இந்தப் பயிற்சியும் கடைசிப் பருவமும் முடிந்தால் நான் நர்ஸ். முப்பத்தேழு வயதில். உதவித்தொகை வந்தால் வாடகையைச் சமாளித்துப் படிப்பை முடித்துவிடலாம். வராவிட்டால்— அதை ஏன் இப்போதே நினைக்கிறேன்?

மகள் ஷைலீன் என் தங்கை வீட்டில் இருப்பாள். "நீ நர்ஸானதும் நாய் வாங்கலாமா?" என்று கேட்டாள். வாங்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 11, திங்கள். கார்ட்டர்ஸ் வெல், அம்மாவின் ஊர்

முதல் நாள். மருத்துவ நிலையத்தில் வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் என்னை விடவில்லை.

"ஏய், நம்ம நொரீன் மக டாக்டராயிட்டாடி!"

"டாக்டர் இல்லக்கா, நர்ஸ். அதுவும் இன்னும் ஆகல."

"அப்ப மொதல்ல உன் புருஷனுக்கு ஊசி போட்டுப் பழகு."

"அவன்தான் ஓடிட்டானே."

"ஊசிக்குப் பயந்துதான் ஓடியிருப்பான்!"

இரத்த அழுத்தம் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சிரித்ததில் ஒருவருக்கும் அளவு சரியாக வரவில்லை. மேற்பார்வை நர்ஸ் பிரான்வினும் சிரித்துவிட்டாள்.

என்னோடு இன்னொரு மாணவி, மெல்போர்ன் பெண், இமோஜென். இருபத்தொரு வயது. அதே உதவித்தொகை. கோபித்துக்கொள்ளக்கூட முடியவில்லை, அவ்வளவு நல்ல பெண்.

மார்ச் 14, வியாழன்

▇▇▇▇ மாமா வந்து நிற்கிறார்! அம்மாவின் அண்ணன். அம்மா போன பிறகு என்னைத் தூக்கி வளர்த்தவர். சிறுநீரகம் போய் ஆறு வருடமாக ஆலிஸ் நகரத்தில் இருக்கிறார், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அங்கிருந்து ஆறு மணி நேரச் செம்மண் பாதையில் யாருடைய காரிலோ ஏறி வந்திருக்கிறார்.

"உங்களை யாரு வரச் சொன்னது?"

"நீ வெள்ளச் சட்டை போட்டு நிக்கறத நான் பாக்க வேணாமா?"

"இது நீலம் மாமா."

"அப்ப கண்ணும் போச்சுன்னு எழுதிக்கோ."

"டயாலிசிஸ்?"

"அந்த மெஷின் எங்க ஓடிப்போகுது? ரெண்டு நாள் நான் இல்லாம இருந்து பழகட்டும்."

திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அவர் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்துவிட்டார். சந்தோஷமாக இருந்தது. அதுதான் உண்மை, எழுதி வைக்கிறேன்.

மார்ச் 15, வெள்ளி

உதவித்தொகை அலுவலகத்திலிருந்து கெயில் வந்திருந்தாள். போஸ்டருக்குப் படம் வேண்டுமாம். நான் மாமாவின் கையில் பட்டை கட்டி அழுத்தம் பார்க்கிற மாதிரி எடுத்தாள். மாதிரி என்ன, நிஜமாகவே பார்த்தேன். மிக அதிகம். பிரான்வினிடம் சொன்னேன். புதன்கிழமைப் பஸ்ஸில் கண்டிப்பாக அனுப்ப வேண்டும் என்றாள். அதற்கு முன் வண்டி இல்லை.

ஒப்புதல் தாளில் மாமா கையெழுத்துப் போட்டார். "இதப் பாத்துட்டு ஊருல இருக்கற கெழவிங்க எல்லாம் எனக்கு போன் பண்ணுவாளுங்க, நீதான் பதில் சொல்லணும்" என்று கெயிலிடம் சொல்ல, அவள் முகம் சிவந்துவிட்டது.

மார்ச் 18, திங்கள்

மாமாவின் கால் வீங்கியிருக்கிறது. அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது.

மார்ச் 20, புதன்

பஸ் அரை மணி நேரம் நின்றது. மாமாவைக் காணவில்லை. அவர் மகன் செட்ரிக்கோடு வேட்டைக்குப் போய்விட்டார். மாலையில் கங்காரு வாலோடு திரும்பி வந்து எனக்குச் சுட்டுக் கொடுக்கிறார். நான் கத்தினேன். எல்லார் முன்னாலும் மாமாவைப் பார்த்துக் கத்தினேன்.

"அடுத்த பஸ்ல போறேன் புள்ள. அந்த ஊருல நான் ஒரு நாற்காலி, அவ்வளவுதான். இங்க நான் ஆளு. இன்னும் கொஞ்ச நாள் ஆளா இருந்துட்டுப் போறேனே."

பாடத்தில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. வாலைத் தின்றேன்.

மார்ச் 22, வெள்ளி

காலை பத்து மணிக்கு மாமாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூச்சு வாங்கியது, பிறகு அதுவும் நின்றது. பிரான்வினும் நானும் மாறி மாறி நெஞ்சை அழுத்தினோம். ஆலிஸிலிருந்து மருத்துவ விமானம் வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்துவிட்டது.

சாயங்காலம் பிரான்வின் என் தாளில் "எட்டு மணி நேரம்" என்று எழுதிக் கையெழுத்திட்டாள். வேறு என்ன எழுதுவாள்.

மார்ச் 23, சனி

முந்தைய பக்கத்தில் எழுதியிருந்த அவர் பெயரைக் கறுப்பு மையால் மூடிவிட்டேன். போனவர் பெயரைச் சொல்லக்கூடாது, எழுதி வைக்கவும் கூடாது, படத்தைப் பார்க்கவும் கூடாது. இனி அவர் மாமா மட்டும்.

அவர் வீட்டைக் காலி செய்து ஊர் எல்லையில் துக்க முகாம் போட்டாயிற்று. அடக்கம் முடியும்வரை எல்லாரும் அங்கேதான் உட்கார வேண்டும். உடலை ஆலிஸுக்குப் பரிசோதனைக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

கெயிலுக்கு போன் செய்தேன்.

"நெருங்கின சொந்தம்னா மூணு நாள் லீவு தரலாம் மேக்ஸின். அப்பா, அம்மா, புருஷன், புள்ளைங்க, கூடப்பொறந்தவங்க. மாமா அந்தப் பட்டியல்ல இல்லியே."

"என்னை வளர்த்தவர் அவர். எங்க ஆளுங்களுக்கு மாமாதான் எல்லாம்."

"எனக்குப் புரியுதும்மா. படிவத்துல அதுக்கு இடம் இல்ல."

மரியாதையாகத்தான் பேசினாள். அதுதான் எரிச்சல்.

மார்ச் 25, திங்கள்

துக்கம் முடியும்வரை மருத்துவ நிலையம் அவசரத்துக்கு மட்டும். மாணவர்கள் இருவரையும் வேறொரு ஊருக்கு மாற்றுகிறார்களாம், மதியம் வண்டி. நாளையே அங்கே வேலையில் சேர்ந்தால் உதவித்தொகைக்குப் பாதகம் இல்லை.

செட்ரிக் முகாமிலிருந்து எழுந்து வந்தான். குரலை உயர்த்தவில்லை.

"அவரு உன்னைப் பாக்க வந்துதான் போனாரு. இப்ப நீ வண்டி ஏறிட்டேன்னா, இந்த ஊருல ஒருத்தரும் உன் கையால ஊசி போட்டுக்க மாட்டாங்க. சொல்லிட்டேன்."

போனால் இந்த ஊருக்கு நான் நர்ஸ் இல்லை. இருந்தால் எந்த ஊருக்கும் இல்லை. இதில் எதை எடுக்கச் சொல்கிறீர்கள்? யாரைக் கேட்கிறேன்?

அவர் என்னைப் பார்க்க வந்தார். நான் நீலச் சட்டை போட்டு நின்றதைப் பார்க்க.

இமோஜென் பையோடு வந்து அழுதாள். "நானும் இங்கயே இருந்துடட்டுமா?"

"எதுக்குடி? நீயாவது போய் நர்ஸாகு."

வண்டி போயிற்று. சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு முகாமில் பெண்கள் பக்கம் போய் மண்ணில் உட்கார்ந்தேன். நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

ஏப்ரல் 12, வெள்ளி

இன்றோடு ஐந்து வாரம் முடிகிறது. உடல் இன்னும் வரவில்லை.

ஏப்ரல் 18, வியாழன்

அடக்கம் முடிந்தது. மழை.

மே 6, திங்கள். அடிலெய்ட்

"துரதிருஷ்டவசமாக" என்று தொடங்கியது போன மாதம் வந்த கடிதம். பயிற்சி முழுமை பெறவில்லை, எனவே தொகை இல்லை. ஐந்து வாரத்தையும் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும், அதற்கு அடுத்த வருடம் புதிதாக விண்ணப்பிக்கலாம். மேல்முறையீடு எழுதிப் பார்த்தேன், அதற்கும் இதே கடிதம், தேதி மட்டும் வேறு.

கிரெக் என் ஷிப்ட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டான். சொன்னபடி செய்தான், அவன்மேல் குற்றம் இல்லை. வீட்டையும் விட்டாயிற்று, தங்கை வீட்டு முன்னறையில் இருக்கிறோம். அடுத்த வருடமும் ஐந்து வாரம் சம்பளம் இல்லாமல் எங்கே போவேன்? எந்த முகத்தோடு எவனிடம் லீவு கேட்பேன்?

"நாய் வேணாம்மா. எனக்கு அவ்ளோ ஆசை எல்லாம் இல்ல" என்கிறாள் ஷைலீன். நான் எதுவும் கேட்காமலேயே சொல்கிறாள்.

ஜூன் 20, வியாழன்

படிப்பிலிருந்து விலகும் படிவம் கொடுத்துவிட்டேன். காரணம் எழுத ஒரு வரி இடம். "சொந்தக் காரணம்" என்று எழுதினேன்.

ஆகஸ்ட் 14, புதன்

துப்புரவு கம்பெனி ஒன்றில் வேலை. எங்கே அனுப்பியிருக்கிறார்கள் பாருங்கள், என் பல்கலைக்கழகத்துக்கே. நர்சிங் கட்டடம், மூன்றாம் மாடி. வகுப்புகள் முடிந்த பிறகு வந்தால் போதும் என்பது ஒரு நிம்மதி, தெரிந்த முகங்களைப் பார்க்க வேண்டாம்.

அந்தப் போட்டோவை எங்கேயும் போடாதீர்கள் என்று கெயிலுக்கு மே மாதமே எழுதியிருந்தேன். இன்றைக்குப் பதில். அவர் கையெழுத்திட்ட ஒப்புதல் தங்களிடம் இருக்கிறதாம். அச்சுக்குப் போய்விட்டதாம். அடுத்த முறை கவனத்தில் கொள்வார்களாம்.

அக்டோபர் 16, புதன்

மூன்றாம் மாடியில் லிஃப்ட்டுக்கு எதிரில் மாட்டியிருக்கிறார்கள். ஆள் உயரம். நான் பட்டை கட்டுகிறேன், மாமா வாய்விட்டுச் சிரிக்கிறார். கீழே பெரிய எழுத்தில், "நாங்கள் துணை நிற்கிறோம். அடுத்த ஆண்டுக்கு விண்ணப்பியுங்கள்."

துடைப்பத்தை அப்படியே போட்டுவிட்டுத் திரும்பி நின்றேன். பார்க்கக்கூடாது. ஆனால் பார்த்துவிட்டேனே. மாமா, மன்னிச்சிடுங்க. நான் பார்த்துட்டேன்.

தள்ளுவண்டியில் வெள்ளை டேப் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு, கையால் தடவித் தடவி அவர் முகத்தை ஒட்டி மூடினேன். நெற்றியிலிருந்து தாடை வரை ஒன்பது துண்டு. இப்போது படத்தில் நான் மட்டும் சிரித்துக்கொண்டு, முகமில்லாத ஒருவர் கையைப் பிடித்திருக்கிறேன். பிறகு குப்பைக்கூடைகளைக் காலி செய்தேன்.

அக்டோபர் 17, வியாழன்

இன்றைய வேலைத்தாளில் புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார்கள். "மூன்றாம் மாடி: போஸ்டரில் யாரோ டேப் ஒட்டியிருக்கிறார்கள். அகற்றிச் சுத்தம் செய்யவும்."

பக்கத்தில் "முடிந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டேப்பைத் தொடவில்லை. நாளைக்கும் எழுதுவார்கள்.