குதிரை வண்டியை விட்டு மாட்டு வண்டி ஏறியவனுக்கு

நேற்றுக் காலையில் பேத்தி கைபேசியில் ஏதோ கார்ப் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் பெரிதாக இருந்ததால் நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு காரைக் காட்டி, "தாத்தா, இந்த ஆளு இருக்காருல்லா, சக்கரமெல்லாம் வெளிய தெரிய தரையோட தரையா ஒரு காரு போவுமே, அதுல ரொம்பப் பெரிய ஆளு. இப்ப அத விட்டுட்டு இந்தக் கூரை போட்ட காருக்கு வந்திருக்காரு. எத்தனாவதா வாராரு தெரியுமா? கடைசியில இருந்து மூணாவது" என்றாள்.

"எதுக்கு மாறுனாராம்?"

"யாருக்குத் தெரியும். கிறுக்கு."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். அவள் பயந்துபோய் அடுக்களையிலிருந்து அவள் அம்மாவைக் கூப்பிட்டுவிட்டாள். அப்படி ஒரு கிறுக்கனோடு நானே ஓடியிருக்கிறேன் என்று அந்தப் பிள்ளையிடம் எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? நீ போய்ச் சேர்ந்து நாற்பத்தொரு நாள் ஆகிறது. உன்னை நினைத்து நான் சிரித்தது நேற்றுத்தான் முதல் தடவை. அந்தச் சூட்டோடு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எழுபதுகளின் கடைசி அது. நீ சங்கரன்கோவில் ரயிலடியில் ஜட்கா வண்டி ஓட்டிக்கொண்டிருந்தாய், நான் விசைத்தறியில் நின்றுகொண்டிருந்தேன். சுற்றுவட்டாரத்தில் கோவில் கொடை, திருவிழா என்று எங்கே வண்டிப் பந்தயம் வைத்தாலும், நவதானியக் கடை முதலாளி தன் குதிரையை உன்னை நம்பித்தான் அனுப்புவார். வண்டிக்கு இரண்டு ஆள். மேலே உட்கார்ந்து கயிறு பிடிப்பவன் நீ. பக்கத்தில் ஓடிவந்து, வேகம் பிடித்ததும் பின்னால் தொற்றிக்கொள்பவன் நான். உன் கையில் சாட்டை இருக்கும், ஆனால் அது வெறும் அலங்காரம். விரல் வைக்காமல் நாக்கை மடித்து நீ ஒரு சீட்டி அடிப்பாய். அதற்குத்தான் அந்தக் குதிரை பறக்கும். கழுகுமலைப் பக்கம், கோவில்பட்டிப் பக்கம், எங்கே போனாலும் முதல் பரிசு நமக்குத்தான் என்பது ஒரு கட்டத்தில் அலுத்தே போய்விட்டது. எனக்கு அலுக்கவில்லை. பன்னிரண்டு மணி நேரம் தறிக்கு முன்னால் நிற்பவனுக்கு வெட்டவெளி ரோட்டில் காற்று முகத்தில் அடிக்க ஓடுவது எப்படி அலுக்கும்? உனக்குத்தான் அலுத்தது.

அதற்கு நீ சொன்ன காரணத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. இனி சொன்னால் நீ கோபப்பட முடியாது. குதிரை வண்டியை விடிந்தும் விடியாமலும் முதலில் விட்டுவிடுவார்கள். அப்புறம் சின்ன மாட்டு வண்டி. வெயில் ஏறி, ஊரே ரோட்டோரத்தில் கூடிய பிறகுதான் பெரிய மாடு.

"ஏலே, நாம ஜெயிக்கும்போது ஊரு பல்லு வெளக்கிக்கிட்டு இருக்கு. பெரிய மாடு வாறப்பதான் மொட்டை மாடியெல்லாம் ஆளு நிக்கி. எங்க அம்மையே நான் ஓட்டி ஒரு நாளும் பாத்ததில்ல."

"அவங்களைக் கொஞ்சம் சீக்கிரம் எழுப்பிவிடுலே" என்றேன் நான்.

நீ கேட்கிற ஆளா? பனவடலிசத்திரத்தில் ஒரு அண்ணாச்சி வீட்டில் செவலையும் மயிலையுமாக ஒரு ஜோடி மாடு இருந்தது. அதை ஓட்டிக்கொண்டிருந்தவன் பம்பாய்க்குப் பிழைக்கப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டதும், என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய். அண்ணாச்சி மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து நம் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"குதிரைக்காரருக்கு மாடு எதுக்குவே?"

"ஓட்டிப் பாக்கணும் அண்ணாச்சி."

"சரி, ஓட்டும். கூட ஓடுறதுக்கு எங்க ஆளு ஒருத்தன் இருக்கான். மாட்டோடவே வளந்தவன்."

"எங்கூட இவன்தான் அண்ணாச்சி ஓடுவான்."

அவர் என் கையைப் பார்த்தார். நூல் அறுத்த தழும்புகள் அதில் இருந்தன. "தறிக்காரரா? வெளங்குன மாதிரிதான். சரி, ரெண்டு பேரையும் பாப்போம். ஒத்து வரலன்னா ரெண்டு பேரையும் சேத்தே எறக்கிருவேன், அப்புறம் வருத்தப்படக் கூடாது."

பஸ் ஏறும்வரை நான் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். நீயோ வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாட்டுப் பாடினாய். அடுத்த வாரமே நவதானியக் கடை முதலாளி குதிரையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். திரும்பிப் போக நமக்கு ஒரு வண்டியும் இல்லாமல் போயிற்று.

முதல் பந்தயத்தை மறக்க முடியுமா? பதினொரு ஜோடி. பாதித் தூரத்தில் நட்ட கொடியைச் சுற்றித் திரும்பி வரும்போது நாம் முதலில் வந்துகொண்டிருந்தோம். எனக்கே நம்ப முடியவில்லை. எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிகிறது. ரோட்டின் இரண்டு பக்கமும் ஜனம். நீ ஆசைப்பட்ட மொட்டை மாடிகள் முழுக்கத் தலைகள். உற்சாகம் தாங்காமல் நீ நாக்கை மடித்து நீளமாக ஒரு சீட்டி அடித்தாய்.

மாடுகள் ஓட்டத்தை விட்டு நடைக்கு வந்தன. காதை ஆட்டின. பிறகு சாவகாசமாக ரோட்டை விட்டு இறங்கி, ஒரு டீக்கடை வாசலில் இருந்த சிமெண்டுத் தொட்டியில் வாயை வைத்துத் தண்ணீர் குடிக்கத் தொடங்கின. நீ கயிற்றை இழுக்கிறாய், நான் பின்னாலிருந்து தள்ளுகிறேன், அவை பாட்டுக்குக் குடிக்கின்றன. பத்து வண்டியும் நம்மைக் கடந்து போயிற்று. டீக்கடைக்காரர் மட்டும், "நல்லாக் குடிக்கட்டும்வே, பச்சத்தண்ணிதான், காசு வேண்டாம்" என்றார். அங்கே எழுந்த சிரிப்பு கழுகுமலை வரை கேட்டிருக்கும்.

அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். "வே, வெள்ளாம பாக்குற சம்சாரி வீட்டுல சீட்டி அடிச்சாத்தான் மாடு தண்ணி குடிக்கும். கண்ணுக்குட்டியில இருந்து அப்படித்தான் பழக்கியிருக்கோம். இது தெரியாமயா மாடு ஓட்ட வந்தீரு?"

தெரியாதுதான். நீ ரயிலடியில் வளர்ந்தவன், நான் தறிச் சத்தத்தில் வளர்ந்தவன். இரண்டு பேரில் ஒருவனாவது உழவு மாட்டுக்குத் தண்ணீர் காட்டியிருந்தால் அந்த அவமானம் வந்திருக்காது. ரயிலடியில் உனக்குத் 'தண்ணி வண்டி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆடித் தபசுத் திருவிழா முடிந்து நம்மூர் ரோட்டில் பந்தயம் வரும், அதுவரை பார்ப்பேன், அன்றைக்கும் மாடு நின்றால் வேறு ஆள்தான் என்று அண்ணாச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சீட்டி அடிக்காமல் இருந்தால் போதும். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் உன் வாய் உன் பேச்சைக் கேட்கவில்லை. வறண்ட குளத்துக்குள் ஓட்டிப் பழகினோம். வேகம் கூடினால் சீட்டி தானாக வந்தது. அடித்தது உனக்கே தெரியாது. "நான் எங்கலே அடிச்சேன்?" என்று மாடு நின்ற பிறகு கேட்பாய். துண்டால் வாயைக் கட்டினோம், துண்டுக்குள்ளிருந்து சீட்டி வந்தது. வெற்றிலையைத் திணித்தோம், துப்பிவிட்டு அடித்தாய். உன்னை ஊருக்கெல்லாம் தெரிய வைத்த ஒரே வித்தை, இப்போது நம் இருவரையும் வண்டியை விட்டு இறக்கப் பார்த்தது. பந்தயத்துக்கு முந்தின நாள் நீ முதல்முறையாகச் சோர்ந்து உட்கார்ந்தாய். "பேசாம உங்க தறியில எனக்கு ஒரு வேல பாருலே" என்றாய். எனக்கு அழுகை வந்தது. உன்னைத் தறிக்கு முன்னால் நிறுத்திப் பார்க்க எனக்கு மனசில்லை.

பந்தயத்தன்று காலை, வண்டிகள் வரிசைக்கு வந்துகொண்டிருந்தன. புளியங்குடியிலிருந்து வந்த லாரி ஒன்று வழியில்லாமல் ஓரமாக நின்றிருந்தது. மூட்டை மூட்டையாக எலுமிச்சை. எனக்கு எங்கிருந்து அந்தப் புத்தி வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. டிரைவரிடம் கேட்டு இருப்பதிலேயே பெரிய பழமாக ஒன்று வாங்கிவந்தேன்.

"வாயத் தொற."

"எதுக்குலே?"

கேட்கத் திறந்த வாயிலேயே முழுப் பழத்தையும் திணித்துவிட்டேன். உன் கன்னம் இரண்டும் உப்பின. நீ ஊதிப் பார்த்தாய், காற்றுகூட வரவில்லை. நமக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தொடக்கக் கொடி அசைந்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. சீட்டி வராத வாயில் பேச்சும் வராது. அப்படியானால் மாட்டை விரட்டுவது யார்?

நான்தான். தறிக்காரர்களுக்குப் பேச்சே கத்தல்தான் என்பது நம்மூரில் எல்லாருக்கும் தெரியும். அந்த இரைச்சலுக்கு மேல் பேசிப் பேசி எங்கள் தொண்டை அப்படி ஆகிவிடும். கல்யாண வீட்டில் நான் ரகசியம் சொன்னால் சமையல்காரர் திரும்பிப் பார்ப்பார். அந்தத் தொண்டையை அன்றைக்கு முழுசாகத் திறந்தேன். "ஹை ஹை! ஏ செவல! ஏ மயில! போ போ போ!" ஓடிக்கொண்டே கத்தினேன், தொற்றிக்கொண்டு கத்தினேன். நீ காலால் என்னை ஒரு உதை விட்டால் இன்னும் கத்த வேண்டும் என்று அர்த்தம், இரண்டு உதை விட்டால் நிறுத்த வேண்டும். இதை நாம் பேசி வைத்துக்கொள்ளவே இல்லை, போகப் போக அதுவாகவே புரிந்தது.

புளியங்குடி ரோட்டில் கொடி நட்ட இடம் வந்தது. அங்கே திரும்ப வேண்டும். உள்பக்க மாட்டைக் கயிற்றால் பிடித்துக்கொண்டு, வெளிப்பக்க மாட்டை மட்டும் விரட்ட வேண்டும். தப்பினால் வண்டி பள்ளத்தில்தான். எந்த மாட்டை, எந்த நொடியில் என்று உதையால் சொல்ல உன்னால் முடியாது. பல் பட்டுப் பழம் கசிந்து, புளிப்பில் உன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். உன் முடிவுதான் என்று அந்தப் பார்வை சொன்னது. அதுவரை யாரும் எதையும் என் முடிவுக்கு விட்டதில்லை. நீ செவலையின் கயிற்றை இறுக்கினாய். நான் அடிவயிற்றிலிருந்து "மயிலே!" என்றேன். வண்டி ஒற்றைச் சக்கரத்தில் சுற்றித் திரும்பியது. முன்னால் போய்க்கொண்டிருந்த இரண்டு வண்டிகள் அகலமாகச் சுற்றிக்கொண்டிருக்க, நாம் அவற்றுக்கு முன்னால் இருந்தோம்.

எல்லை தெரிந்ததும் உன் கன்னம் துடித்ததைப் பார்த்தேன். பழம் அசையவில்லை. முதலாவதாக வந்தோம். கோட்டைத் தாண்டியதும் நீ செய்த முதல் வேலை, பழத்தைத் துப்பிவிட்டு ஒரு சீட்டி அடித்ததுதான்! மாடுகள் நேராக அடிகுழாய்த் தொட்டிக்குப் போய்விட்டன. "குடிக்கட்டும்வே, இப்பக் குடிக்கட்டும்" என்று அண்ணாச்சி நம் இருவர் தோளிலும் கையைப் போட்டுக்கொண்டார். அன்றைக்கு உன் அம்மாவும் வந்திருந்தாள். மகன் ஜெயித்ததை முதல் தடவை பார்த்தவள் கேட்ட ஒரே கேள்வி, "வாயில என்னலே, கொழுக்கட்டையா?"

அப்புறம் மூன்று வருஷம் நம் ராஜ்யம்தான். ஒவ்வொரு பந்தயத்துக்கும் வாயில் பழத்தோடு நீ உட்காருவாய், நான் கத்துவேன். நம்மைப் பார்க்கவே தனிக் கூட்டம் வந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் என் முழங்கால் போயிற்று. ஓட முடியாது என்று நான் சொன்ன அந்த மாதமே நீயும் கயிற்றை அண்ணாச்சி கையில் கொடுத்துவிட்டாய். கேட்டதற்கு, "பல்லு கூசுதுலே, போதும்" என்றாய். நானும் நம்பினேன்.

நேற்றுச் சாயங்காலம் உன் வீட்டுக்குப் போனேன். அந்தக் கார்க்காரன் கதையை உன் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவளும் சிரித்தாள். பேச்சோடு பேச்சாக, "பாவம், சீட்டிக்குப் பயந்து மூணு வருசம் புளிப்பு தின்னான்" என்றேன்.

அவள் சிரிப்பு நின்றது. "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாவ அண்ணே. இனும என்ன. முத தடவ ஜெயிச்ச ஆறு மாசத்துக்குள்ள அந்தச் சீட்டிப் பழக்கத்த விட்டுட்டாவ. நீங்க தறிக்குப் போற நாள்ல தனியா ஓட்டிப் பழகுவாவல்லா, அப்ப வாயில ஒண்ணும் இருக்காது. நீங்க வண்டிக்கு வாற அன்னைக்கு மட்டுந்தான் பழம்."

"எதுக்கும்மா?"

"நானும் கேட்டேன். பழத்த எடுத்துட்டா அவன் சத்தம் வேண்டியிருக்காது, மாட்டுக்கார அண்ணாச்சி அவங்க ஆள ஏத்திருவாரு, அவன் திரும்பத் தறியே கதின்னு நிப்பான், அப்படின்னாவ."

வீடு வந்து சேரும்வரை உன்மேல் கோபம். சொல்லியிருந்தால் என்ன? சொல்லியிருந்தால் நான் வந்திருக்க மாட்டேன். அது உனக்குத் தெரிந்திருக்கிறது. ரோட்டில் நின்று நான் அழுததை எதிர்க்கடைக்காரர் பார்த்துவிட்டார், பார்த்தால் பார்க்கட்டும்.

இந்த வீட்டில் எல்லாருக்கும் என் தொண்டையைப் பற்றித்தான் புகார். மெதுவாகப் பேசுங்கள் என்று மருமகள் சொல்வாள், பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது என்று மகன் சொல்வான். இத்தனை நாளும் நானும் குறைத்துக் குறைத்துத்தான் பேசிப் பார்த்தேன். இனிக் குறைக்கப்போவதில்லை. இந்தச் சத்தம் ரோட்டில் கேட்க வேண்டும் என்பதற்காக ஒருத்தன் இரண்டரை வருஷம் தன் வாயை அடைத்துக்கொண்டு வண்டி ஓட்டியிருக்கிறான்.